நத்தையா, மயில்துத்தமா? ஒரு வீட்டு மீன் தொட்டியின் நிகழ்வு ஆய்வு

"தொட்டியில நத்தை பெருகிடுச்சு, என்ன மருந்து போடலாம்?" மீன் வளர்க்கிறேன் என்று தெரிந்தவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். ஒரு தொட்டியின் கதையை முழுதாக எழுதிவைப்பது அவர்களுக்காக. இந்தத் தொட்டியில் நத்தை எக்கச்சக்கமாக இருந்தது, செடி இலைகளில் ஓட்டை இருந்தது, கடைசியில் இறாலும் மீனும் செத்தன. மூன்றையும் சேர்த்து நத்தைமேல் பழி போடுவது ரொம்பச் சுலபம். வீட்டில் எல்லாரும் அப்படித்தான் போட்டார்கள். தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தபோது மூன்றுக்கும் மூன்று காரணங்கள் இருந்தன.

தொட்டி

சென்னை வேளச்சேரியில் என் சித்தி வீட்டு ஹாலில் இருக்கிறது. பார்த்துக்கொள்வது பத்தாம் வகுப்புப் படிக்கும் தம்பி. நீளம் 36 அங்குலம், அகலம் 15, உயரம் 15. கணக்குப்படி 130 லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்க வேண்டும். கல், மணல், மேலே விட்ட இடம் எல்லாம் போக உள்ளே உண்மையில் நிற்கும் தண்ணீர் 110 லிட்டர். மருந்தோ உரமோ போடும்போது இந்த இரண்டாவது எண்தான் முக்கியம்.

பின்பக்கம் தொங்கும் ஃபில்டர் ஒன்று, ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று. தரையில் இரண்டு அங்குலத்துக்குப் பொடிக் கல். ஹைக்ரோபிலா, வாலிஸ்னேரியா, ஒரு பெரிய அமேசான் ஸ்வோர்டு ஆகிய செடிகள். இருபதுக்குக் கிட்ட கப்பி மீன், ஆறு கோரிடோரஸ் மீன், ஒரு கூட்டம் ரெட் செர்ரி இறால். வீட்டுத் தரைக்கடித் தொட்டியான சம்ப்பில் போர் தண்ணீரும் மெட்ரோ தண்ணீரும் கலந்து நிற்பதால் தொட்டித் தண்ணீர் உப்புச்சுவை இல்லாத, ஆனால் கடினமான தண்ணீர். பிஎச் 7.8, கடினத்தன்மை 300 பிபிஎம் (லிட்டருக்கு மில்லிகிராம்) பக்கம், வெப்பநிலை 29 டிகிரி.

சாப்பாட்டு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். காலையில் பூஜை முடித்ததும் சித்தி ஒரு சிட்டிகை போடுவார். சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் தம்பி போடுவான். ராத்திரி ஆபீசிலிருந்து வரும் சித்தப்பா, கண்ணாடிக்குப் பக்கத்தில் ஓடிவரும் மீன்களைப் பார்த்து, "பாவம், பசிக்குது போல" என்று அவர் பங்குக்கு இன்னொன்று போடுவார். மூன்று பேரும் அன்பாகத்தான் போட்டார்கள். ஒருவர் போட்டது மற்றவருக்குத் தெரியாது.

எந்த நத்தைகள்

நத்தையை யாரும் காசு கொடுத்து வாங்கவில்லை. ஹைக்ரோபிலா கட்டோடு வந்தது. இலையின் அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத ஜெல்லித் துளிக்குள் இருபது முப்பது முட்டைகள் இருக்கலாம். சென்னை வெயிலில் ஒரு வாரம் பத்து நாளில் பொரித்துவிடும்.

தொட்டியில் மூன்று வகை இருந்தன. முதலாவது, எல்லாரும் பாண்ட் நத்தை என்று சொல்லும் ஃபைசா நத்தை, அரிசி மணியில் தொடங்கிப் பச்சைப் பட்டாணி வரை. இதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. ஓட்டின் கூர்முனை மேலே, வாய் உங்களைப் பார்த்து இருக்கும்படி பிடியுங்கள். வாய் இடப்பக்கம் விழுந்தால் ஃபைசா. குளத்து நத்தையான லிம்னியாவுக்கு வலப்பக்கம் விழும். ஃபைசா அக்யூட்டா என்று இதற்கு 1805 இல் பிரான்சில் பெயர் வைத்தார்கள். ஆனால் பூர்வீகம் வட அமெரிக்கா. ஒரே உடம்பில் ஆண் பெண் இரண்டும் உண்டு, தேவைப்பட்டால் துணை இல்லாமலே முட்டையிடும். ஆகவே "ஒண்ணே ஒண்ணுதானே வந்தது" என்ற சமாதானம் செல்லாது.

இரண்டாவது ராம்ஸ்ஹார்ன். தட்டையாகச் சுருண்ட ஓடு. சிவப்பாகத் தெரியும் ராம்ஸ்ஹார்னின் சிவப்பு ஓட்டுடையது அல்ல, உள்ளே ஓடும் ரத்தத்துடையது. பெரும்பாலான நத்தைகளைப் போலன்றி இதற்கு நம்மைப்போலவே ஹீமோகுளோபின் இருக்கிறது.

மூன்றாவது ட்ரம்பெட் நத்தை. கூம்பு மாதிரி நீண்ட ஓடு, பகலில் கல்லுக்குள் புதைந்து கிடக்கும், விளக்கு அணைந்ததும் வெளியே வரும். முட்டையிடாது, குட்டி போடும். பெரும்பாலும் ஆணே தேவையில்லை. கடைகளில் மலேசியன் ட்ரம்பெட் என்று விற்றாலும் இது நமக்கு அந்நியம் இல்லை. 1774 இல் முல்லர் என்ற டென்மார்க் இயற்கையியலாளர் இதை முதன்முதலாக விவரித்தபோது, கிடைத்த இடமாகக் குறித்தது நம் சோழமண்டலக் கரையைத்தான்.

இந்த மூன்றில் முதல் இரண்டும் காற்றைச் சுவாசிப்பவை. நீர்மட்டத்துக்கு ஏறி வருவது அவற்றின் வழக்கம், அதைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. ட்ரம்பெட்டுக்குச் செவுள். அது பட்டப்பகலில் கூட்டமாகக் கல்லை விட்டு வெளியேறிக் கண்ணாடியில் ஏறினால், கீழே ஆக்சிஜன் குறைகிறது அல்லது தண்ணீரில் ஏதோ சரியில்லை என்று அர்த்தம். அப்போது உடனே சோதித்துப் பார்க்க வேண்டும். இந்தத் தொட்டியில் அந்த அறிகுறி சில நாட்களாகவே தெரிந்திருக்கிறது. "நத்தை பெருகிப்போச்சு" என்று வீட்டார் பயந்தது அந்தக் காட்சியைப் பார்த்துத்தான்.

நடந்தது

ஹைக்ரோபிலா இலைகளில் குண்டூசி குத்தினாற்போல் ஓட்டைகள். இலைமேல் நத்தை. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்று தம்பிக்குத் தோன்றியதில் ஆச்சரியமில்லை. செடி வாங்கிய கடையில் கேட்டிருக்கிறான். நாட்டு மருந்துக் கடையில் மயில்துத்தம் வாங்கி ஒரு சிட்டிகை போடு, ஒரே ராத்திரியில் போய்விடும் என்று சொல்லியிருக்கிறார்கள். சனிக்கிழமை சாயங்காலம் போட்டான்.

கடையில் சொன்னது ஒரு வகையில் பலித்தது. ராத்திரியே இறால்கள் தாறுமாறாக நீந்தத் தொடங்கின. காலையில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. ஞாயிறு பகலில் நத்தைகள் கண்ணாடியிலிருந்து ஒவ்வொன்றாக உதிர்ந்தன. கப்பிகள் கொஞ்சம் மேலே வந்து மூச்சு வாங்கினாலும் சாகவில்லை. இறால் போனதில் வருத்தம், நத்தை ஒழிந்ததில் நிம்மதி. தொட்டி அழுக்காகத் தெரிந்ததால் ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கழற்றிக் குழாய்க்கு அடியில் பிடித்துப் பளிச்சென்று கழுவிப் போட்டிருக்கிறான்.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் பால் கலந்தாற்போல் ஆனது, வாடை வந்தது. புதன்கிழமை கோரிடோரஸ் மூன்று போயின. அப்புறம் கப்பிகள். சித்தி போனில், "ஒண்ணு விடாம சாகுதுப்பா, வந்து பாரேன்" என்றார். நான் போனபோது தம்பி சொன்ன முதல் வார்த்தை: "அண்ணா, நத்தைதான் ஏதோ நோய் கொண்டுவந்திருக்கு."

சாவின் வரிசை

நோயா என்பதை முதலில் பார்த்தேன். செத்த மீன்களிலும் உயிரோடு இருந்தவற்றிலும் வெள்ளைப் புள்ளி இல்லை, பஞ்சு படியவில்லை, துடுப்பு கரையவில்லை, வயிறு ஊதவில்லை. செவுள் மட்டும் படபடவென்று அடித்தது. இது மூச்சுத் திணறல்.

டெஸ்ட் கிட்டில் அம்மோனியா 2 பிபிஎம், நைட்ரைட் 1, நைட்ரேட் 40. சரியாக ஓடும் தொட்டியில் முதல் இரண்டும் பூஜ்யமாக இருக்க வேண்டும். பிஎச் 7.8 என்பது இதை இன்னும் மோசமாக்குகிறது. கிட்டில் காட்டும் அம்மோனியாவில் எவ்வளவு நச்சு வடிவில் இருக்கிறது என்பதைப் பிஎச்சும் வெப்பமும் தீர்மானிக்கின்றன. பிஎச் 7 இலிருந்து 8 க்கு ஏறினால் அந்தப் பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்காகிறது. 29 டிகிரியில், பிஎச் 7.8 இல், மொத்தத்தில் 4 முதல் 5 சதவீதம் நச்சு. 2 பிபிஎம் இல் அது 0.09 பிபிஎம் பக்கம் வரும். செவுளைப் பொசுக்க அது போதும்.

இறால் முதலில், நத்தை அடுத்து, மீன் சில நாள் கழித்து. இந்த வரிசையே நடந்ததைச் சொல்லிவிடுகிறது. மயில்துத்தம் என்பது தாமிர சல்பேட். எடையில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேல் தாமிரம். ஒரு சிட்டிகையை அரை கிராம் என்று வைத்தால், 110 லிட்டரில் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் தாமிரம் விழுந்திருக்கிறது. மீன்களின் ஒட்டுண்ணி நோய்க்குத் தாமிரம் கொடுக்கும்போதுகூட லிட்டருக்கு 0.15 முதல் 0.2 மில்லிகிராம்தான் இலக்கு. அதையும் அளந்து, தினமும் சோதித்துக் கொடுப்பார்கள். மீன்கள் அன்றிரவே சாகாததற்குக் காரணம் அந்தக் கடினமான போர் தண்ணீர். கார்பனேட் நிறைந்த தண்ணீரில் தாமிரத்தின் பெரும்பகுதி கட்டுண்டுபோகும். இதே சிட்டிகையை ஆர்ஓ தண்ணீர்த் தொட்டியில் போட்டிருந்தால் ஞாயிறு காலையில் எதுவும் மிஞ்சியிருக்காது. இறாலுக்கும் நத்தைக்கும் அந்தத் தள்ளுபடி போதவில்லை, அவற்றுக்குத் தாமிரம் மிகக் குறைந்த அளவிலேயே விஷம்.

மீன்களைக் கொன்றது அடுத்த கட்டம். நூற்றுக்கணக்கான நத்தைகள் ஓட்டுக்குள்ளேயே, கல் இடுக்குகளிலேயே அழுகின. மீன் செத்தால் மிதக்கும், எடுத்துப் போடுவோம். நத்தை செத்தால் உயிரோடு இருப்பதுபோலவே கிடக்கும். அந்தப் புரதம் எல்லாம் அம்மோனியாவானது. அதைத் தின்று நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றவேண்டிய பாக்டீரியா ஸ்பாஞ்சில் குடியிருந்தது. அதில் கொஞ்சத்தைத் தாமிரமும் மிச்சத்தைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரும் பார்த்துக்கொண்டன. சுமை உச்சத்தில் இருந்த வாரத்தில் ஃபில்டர் வெறும் பஞ்சாக நின்றது.

உயிரோடு இருந்தவரை இந்த நத்தைகள் ஒரு மீனையும் கொல்லவில்லை. அத்தனையையும் ஒரே ராத்திரியில் கொன்றதுதான் மீன்களைக் கொன்றது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நத்தையால் தொட்டி நாசம் என்று என்னிடம் வந்த கதைகளில் திரும்பத் திரும்பப் பார்ப்பது இந்த வரிசையைத்தான். மயில்துத்தம் இல்லையென்றால் வேறு ஏதாவது நத்தை மருந்து. நிக்லோசமைடு என்ற நத்தைக்கொல்லி மீனையும் கொல்லும். நத்தையை மட்டும் கொன்று மீனைத் தொடாத மருந்து இருந்தாலும் அழுகல் பிரச்சினை அப்படியேதான் இருக்கும்.

இலையில் ஓட்டை போட்டது யார்

தம்பி இலையைப் பிடுங்கிக் காட்டினான். அடியில் இருந்த முதிர்ந்த இலைகளில்தான் ஓட்டை. உச்சியில் புதிதாக விரிந்தவை சுத்தமாக இருந்தன. ஓட்டையைச் சுற்றி மஞ்சள் வளையம், இன்னும் ஓட்டையாகாத இடங்களில் பழுப்புப் புள்ளிகள். இது பொட்டாசியம் குறைவின் கையெழுத்து. செடிக்குள் பொட்டாசியம் இடம்பெயரக்கூடிய சத்து. போதாதபோது செடி பழைய இலையிலிருந்து உருவிப் புதுத் தளிருக்குக் கொடுக்கும், பழைய இலை அங்கங்கே செத்து உதிரும். ஹைக்ரோபிலாவில் இது மற்றச் செடிகளைவிடச் சீக்கிரம் தெரியும்.

நத்தை அங்கே இருந்தது உண்மை. அழுகும் ஓரத்தை அது சுரண்டித் தின்றதும் உண்மை. ஃபைசாவின் நாக்குப் பட்டையில் உள்ள நுண்பற்கள் பாசிப்படலத்தையும் நைந்த திசுவையும் வழிக்கத் தகுந்தவை, கெட்டியான இலையை வெட்ட அல்ல. செத்த பகுதியைத் துப்புரவாக எடுத்ததால் ஓட்டை இன்னும் வட்டமாகத் தெரிந்தது, அவ்வளவுதான். உண்மையில் செடி தின்னும் நத்தை வேலையைக் காட்டினால் தளிர் முதலில் போகும், ஓரங்கள் கிழிந்திருக்கும், தண்டே துண்டாகி மிதக்கும்.

இதை வாயால் சொல்லி நம்பவைக்க முடியாது என்பதால் செய்து பார்த்தோம். தொட்டி நிலைக்கு வந்ததும் வாரம் ஒருமுறை 2.5 கிராம் பொட்டாசியம் சல்பேட். உரக்கடையில் எஸ்ஓபி என்று கேட்டால் கிடைக்கும், பாதிக்குச் சற்றுக் குறைவாகப் பொட்டாசியம் இருப்பதால் 110 லிட்டருக்கு லிட்டருக்கு 10 மில்லிகிராம் வரும். பிறகு வந்த இலைகள் முதிர்ந்த பின்னும் ஓட்டை விழவில்லை. அதற்குள் நத்தைகள் திரும்ப வந்து அதே இலைகள்மேல் ஊர்ந்துகொண்டிருந்தன.

காப்பாற்றியது

முதல் நாள் 40 சதவீதத் தண்ணீர் மாற்றம், குளோரின் எடுத்த தண்ணீர், அதே வெப்பநிலை. அந்த வாரம் முழுக்க தினமும் கால்பங்கு. குழாய் விட்டுக் கல்லைக் கிளறிச் செத்த நத்தைகளை உறிஞ்சி எடுத்தோம். பக்கெட்டின் அடியில் ஓர் அடுக்கே சேர்ந்தது. தாமிரத்தைப் பிடிக்க ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் பை. என் தொட்டியில் நன்றாக ஊறிய ஸ்பாஞ்ச் ஒன்றை எடுத்துப்போய் அவர்கள் ஃபில்டருக்குப் பக்கத்தில் பிழிந்துவிட்டு, அதையே உள்ளே போட்டுவிட்டு வந்தேன். பாக்டீரியாவை மறுபடி குடியேற்ற இதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது. மூன்று நாள் சாப்பாடு கிடையாது. அதற்குத்தான் சித்தி சம்மதிக்கவே மாட்டேன் என்றார். "பட்டினி போட்டுக் கொல்லச் சொல்றியா?" என்றார். கப்பி மூன்று நாள் தாங்கும், அம்மோனியாவைத் தாங்காது என்று சொல்லிப் புரியவைத்தேன். இரண்டு கோரிடோரஸும் பாதிக்கு மேல் கப்பியும் தப்பின.

நத்தைகள் திரும்பி வந்தன

சில வாரங்களில் மூன்று வகையும் திரும்பின. ஜெல்லிக்குள் இருந்த முட்டைகளில் சில தப்பியிருக்கின்றன. ட்ரம்பெட்டுக்கு ஓட்டு வாயை மூடும் கதவு உண்டு, கல்லுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தவை பிழைத்திருக்கின்றன. மருந்தால் முழுதாக ஒழிக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

இந்த முறை செய்தது சாப்பாட்டை மட்டும் மாற்றியது. ஒரு ஆள், ஒரு வேளை, இரண்டு நிமிடத்தில் மீன்கள் தின்று முடிக்கும் அளவு, ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. சித்தப்பாவுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. டப்பாவைத் தம்பி தன் அலமாரிக்குள் வைத்துக்கொண்டான்.

கண்ணாடியின் ஒரு மூலையில் ஒரு சாண் சதுரத்துக்கு டேப் ஒட்டி, விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்து, அந்தச் சதுரத்துக்குள் எத்தனை நத்தை என்று எண்ணச் சொன்னேன். தொட்டியில் மொத்தம் எத்தனை என்று யாராலும் எண்ண முடியாது, ஆனால் ஒரே சதுரத்தை வாராவாரம் எண்ணினால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். பழைய போட்டோக்களில் அதே அளவு இடத்தில் ஐம்பதுக்குக் குறையாமல் இருந்தன. இப்போது பத்தைச் சுற்றியே நிற்கிறது. நடுவில் ஒருமுறை இருபதைத் தாண்டியது. விசாரித்ததில், ஊரிலிருந்து வந்த பாட்டி ரகசியமாகப் பொரி போட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

நத்தையின் எண்ணிக்கை தொட்டியில் எவ்வளவு மிச்சம் விழுகிறது என்பதன் அளவு. டெஸ்ட் கிட் வாங்க வசதியில்லாத வீட்டுக்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

ஆனால் "நத்தை தொட்டியைச் சுத்தம் செய்யும்" என்று சொல்லி விற்பதையும் நான் ஏற்கமாட்டேன். கண்ணாடிப் பாசியைச் சுரண்டும், கல்லுக்கடியில் போன தீனியை மீன் எட்டாத இடத்தில் தின்னும், செத்த இலையைக் கரைக்கும், ட்ரம்பெட் கல்லைக் கிளறிக் கிளறிக் காற்றோட்டம் தரும். எல்லாம் நல்லதுதான். ஆனால் தின்றதில் ஒரு பகுதி அதன் உடம்பாகவும் மிச்சம் கழிவாகவும் மாறித் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. நத்தையும் மூச்சுவிடும், கழிவு போடும். தொட்டியை விட்டு அழுக்கு வெளியேறுவது நாம் தண்ணீர் மாற்றும்போதும் செடியை வெட்டி எறியும்போதும்தான். சித்தி வீட்டில் மூன்று வேளைத் தீனியின் மிச்சத்தையும் நூற்றுக்கணக்கான நத்தைகள் விழுங்கியதால் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தது, நைட்ரேட் சத்தமில்லாமல் ஏறியது.

எப்போது உண்மையிலேயே கெடுதல்

வயலிலிருந்தோ ஏரியிலிருந்தோ பிடித்துவந்து போடுவது. இதற்கு என் பதில் உறுதியாக, கூடாது. நம் வயல்களில் கிடக்கும் பெரிய பைலா நத்தை செடியை மொட்டையடிக்கும். அதைவிட, வெளிநீர் நத்தைகள் தட்டைப்புழுக்களைச் சுமக்கும். நம் ஊர்க் குளங்களில் ராம்ஸ்ஹார்ன் போலவே இருக்கும் இன்டோபிளானார்பிஸ் எக்சஸ்டஸ், மாடுகளுக்கு மூக்கில் கட்டி வந்து குறட்டையோடு மூச்சுவிடவைக்கும் சிஸ்டோசோமா நாசாலே புழுவைச் சுமப்பது. 1933 இல் ராவ் என்பவர் விவரித்த புழு அது. இத்தகைய புழுக்களின் வாழ்க்கை நத்தையிலேயே முடிவதில்லை. மாடோ பறவையோ இன்னொரு விலங்கு வேண்டும். அதனால் பல தலைமுறையாகத் தொட்டியிலேயே பொரித்து வளர்ந்த நத்தையில் அந்தச் சங்கிலி அறுந்துவிட்டது. தம்பியின் "நோய்" சந்தேகத்தை நான் தள்ளியது இதனாலும்தான். நேற்றுக் குளத்தில் பிடித்த நத்தைக்கு இந்த உத்தரவாதம் இல்லை. அதிலிருந்து வெளியேறும் புழுக்குஞ்சுகள் மீனின் தோலையும் கண்ணையும் துளைக்கலாம். நம் கையிலும் அரிப்பு வரலாம்.

முட்டை பொரிக்கவைக்கும் தொட்டியிலும் நத்தை வேண்டாம். ஏஞ்சல் மீன் முட்டைகளை ராத்திரியில் நத்தை மேய்ந்துவிட்டுப் போகும். ட்ரம்பெட் ஓடு ஃபில்டர் மோட்டாரின் சுழலிக்குள் சிக்கி நிறுத்துவதும் நடக்கும், உறிஞ்சும் வாயில் ஒரு பஞ்சு மாட்டினால் தீர்ந்தது.

நத்தை வேண்டும், பெருக்கம் வேண்டாம் என்பவர்களுக்கு நெரைட் நத்தைதான். பாசி தின்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. முட்டைகள் வெள்ளைப் புள்ளிகளாகக் கண்ணாடியிலும் கட்டையிலும் ஒட்டிக்கொண்டு பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் நன்னீரில் குஞ்சு வளராது. மிஸ்டரி நத்தை பெரிதாக இருந்தாலும் செடியைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். ஆணும் பெண்ணும் தனித்தனி, முட்டைக்கொத்தை நீர்மட்டத்துக்கு மேலேதான் ஒட்டும். வேண்டாமென்றால் சுரண்டி எடுத்துவிடலாம். ஆனால் அதன் நெருங்கிய உறவான தங்க ஆப்பிள் நத்தை வேறு சாதி. 1980 வாக்கில் உணவுக்காகத் தென் அமெரிக்காவிலிருந்து தைவானுக்குக் கொண்டுவந்தார்கள், அங்கிருந்து பரவிக் கிழக்கு, தென்கிழக்கு ஆசிய நெல்வயல்களை அது அழித்தது. ஸ்பெயினில் எப்ரோ ஆற்றுக் கழிமுகத்து வயல்களில் பரவிய பிறகு 2012 இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பேரினம் முழுவதையும் இறக்குமதி செய்யத் தடைவிதித்தது. மிஸ்டரி நத்தையும் சேர்த்துத்தான். மிஞ்சிய நத்தையை ஏரியிலோ கால்வாயிலோ கொட்டாதீர்கள் என்று நான் கெஞ்சிக் கேட்பது இதனால். தொட்டியில் பெரிதாகிவிட்ட சக்கர் மீனைக் கொண்டுபோய் விட்டு நம் ஏரிகள் பட்டபாடு போதும்.

குறைக்க வேண்டுமென்றால்

சாப்பாட்டைக் குறைப்பதோடு, ராத்திரியில் ஒரு வெள்ளரித் துண்டைக் கரண்டியில் குத்தி அடியில் வையுங்கள். காலையில் விளக்குப் போடும் முன் எடுத்தால் நத்தையோடு வரும். தொடர்ந்து சில நாள் செய்தால் கண்கூடாகக் குறையும், அழுகல் இல்லை, விஷம் இல்லை. புதுச் செடி வாங்கினால் தனி வாளியில் படிகாரக் கரைசலில் சில மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசி, ஒரு வாரம் தனியாக வைத்துப் பார்த்துவிட்டுத் தொட்டியில் நடலாம். முட்டைகள் ஒன்றிரண்டு தப்பும், தப்பினாலும் குடி முழுகாது.

நத்தை தின்னும் மீன் வாங்கலாமா என்று தம்பி கேட்டான். கிளவுன் லோச் வேண்டாம், அது ஓர் அடி வரை வளரும் மீன், மூன்றடித் தொட்டி அதற்குச் சிறை. அசாசின் நத்தை மற்ற நத்தைகளைத் தின்னும், மெதுவாகத்தான் பெருகும், சிறு தொட்டிக்குத் தகுந்தது. கேரள ஆறுகளின் குட்டிப் பஃபருக்கு நத்தைதான் விருப்ப உணவு. விரல் கணு அளவே வளரும் அந்த மீனைக் கப்பியோடு விட்டால் வாலையெல்லாம் கடித்து எடுத்துவிடும். காட்டில் எண்ணிக்கை குறைந்துவரும் மீனும்கூட. நத்தையை ஒழிக்க மட்டும் அதை வாங்குவது நியாயமில்லை. தனித் தொட்டியில் பஃபர் வளர்க்கும் நண்பர் ஒருவர் நத்தை கிடைக்காமல் அலைந்து, கடைசியில் ஒரு வாளியில் ராம்ஸ்ஹார்ன் வளர்க்கிறார். வெள்ளரித் துண்டில் பிடித்ததையெல்லாம் தம்பி இப்போது அவருக்குத்தான் கொடுக்கிறான்.

இறால் மறுபடி வேண்டும் என்று தம்பி அவசரப்பட்டான். தாமிரம் கல்லில் படிந்து பிறகு மெல்லக் கசியும் என்பதால் தள்ளிப்போட்டோம். கார்பனை இரண்டுமுறை மாற்றினோம். கண்ணாடியில் ராம்ஸ்ஹார்ன் முட்டை பொரித்து, கடுகளவு குஞ்சுகள் வாரக்கணக்கில் சாகாமல் வளர்ந்த பிறகு, தாமிர டெஸ்ட்டிலும் நிறம் மாறாமல் வந்தது. அதற்குப் பிறகு முதலில் ஐந்து இறால் மட்டும் விட்டோம். அவை தோலுரித்து, ஒன்று வயிற்றில் முட்டையோடு தெரிந்ததும் மிச்சத்தை வாங்கினான்.